காரை ஓடைகளில் உள்ள அம்மோனைட் படிவங்களைக் காக்கக் கோரும் மனு

பெறுநர்: மாவட்ட ஆட்சியர் அவர்கள், பெரம்பலூர்.

பொருள்: காரைப் பகுதியில் புதைபடிவங்களை அள்ளிச் செல்வதைத் தடுக்கவும், அவை கிடைத்த இடத்தோடு பதிவு செய்யவும் வேண்டுதல்.

மதிப்புக்குரிய ஆட்சியர் அவர்களுக்கு வணக்கம்.

காரை ஓடைப் பள்ளங்களில் ஒவ்வொரு மழைக்கும் மண் கரைந்து, அம்மோனைட் என்ற, அழிந்துபோன கடலுயிரின் ஓடுகள் சுருள் சுருளான கற்களாக வெளியே தெரிகின்றன. சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் அவற்றைப் பையில் போட்டுக்கொண்டு போகிறார்கள், கேட்க ஆளில்லை. ஒரு கல் போனால் என்ன என்று தோன்றலாம். ஆனால் சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கே கடல் இருந்தது என்பதோடு இந்தக் கதை முடியவில்லை.

1860களில் ஸ்டோலிச்கா, பிறகு கோஸ்மாட் என்ற புவியியல் அறிஞர்கள் இந்தப் பகுதி அம்மோனைட்களை விவரித்து எழுதினார்கள். கோஸ்மாட் பெயரைத் தாங்கிய கோஸ்மாட்டிசெராஸ் என்ற அம்மோனைட் வகை இங்கும் இருக்கிறது, மடகாஸ்கரிலும் ஜப்பானின் ஹொக்கைடோவிலும் இருக்கிறது. அம்மோனைட் குஞ்சு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர்தான், நீரோட்டத்தோடு வெகுதூரம் போயிருக்க முடியும். சிக்கல் என்னவென்றால், செத்த பிறகு வெறும் ஓடும் மிதந்து வேறு கரையில் ஒதுங்கும். அப்படியானால் ஓர் இனம் இங்கேயே வாழ்ந்து பெருகியதா, ஓடு மட்டும் வந்து சேர்ந்ததா? பெரிய ஓட்டோடு குஞ்சு ஓடுகளும் அதே பாறை அடுக்கில் கிடந்தால்தான் அதைச் சொல்ல முடியும், எங்கே முதலில் தோன்றி எங்கே பரவியது என்பதற்கும் அடுக்குதான் சாட்சி. பெரிய, அழகான கல்லை மட்டும் பொறுக்கிப் போகிறவர்கள் அந்தச் சாட்சியைத்தான் கலைக்கிறார்கள். அலமாரியில் வைத்த கல் பார்க்க நன்றாக இருக்கும், அவ்வளவுதான்.

சாத்தனூர் கல்மரத்துக்கு வேலியும் தேசியப் புவியியல் நினைவுச்சின்னம் என்ற பெயரும் இருக்கின்றன. காரைக்கும் அந்த அக்கறை வேண்டும் என்றுதான் கேட்கிறோம். படிவம் மிகுந்த ஓடைகளை அளந்து எல்லை குறித்து, வண்டி இறங்காமல் தடுத்து, தமிழில் எச்சரிக்கைப் பலகை வையுங்கள். அப்புறம், ஆடு மேய்க்கப் போகிறவர்களுக்குத்தான் எந்த ஓடையில் என்ன கிடக்கிறது என்று தெரியும், அவர்களிலிருந்தே காவலுக்கு ஆள் எடுக்கலாம். யாராவது படிவம் கண்டால் எடுக்காமல் படமும் இடமும் குறித்துக் கொடுக்க, ஊராட்சி அலுவலகத்தில் ஒரு பதிவேடு போதும். அதை இந்தியப் புவியியல் ஆய்வுத் துறைக்கு அவ்வப்போது அனுப்பிவைக்கக் கேட்டுக்கொள்கிறோம்.

அடுத்த மழைக்காலத்துக்குள் எல்லை அளக்கும் வேலையாவது தொடங்கினால் நல்லது.

இப்படிக்கு,
ஆலத்தூர் வட்டப் பொதுமக்கள்