போகிறவனைத் துரோகி என்று எழுதவேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கழகம் மாறும் உதைபந்தாட்ட வீரர்களைப் பணத்துக்காக விசுவாசத்தை விற்றவர்கள் என்று கண்டித்து, கடந்த ஞாயிறு உங்கள் விளையாட்டுப் பக்கத்தில் வந்த கட்டுரையை வாசித்தேன். கொட்டாஞ்சேனையில் பிறந்து, நாற்பது வருடமாக மைதானத்துக்குப் போய்வருகிறவன் நான். பதில் எழுதாமல் இருக்க மனம் கேட்கவில்லை.

2025 மே 11, வெசாக்குக்கு முதல்நாள் இரவு. ஒழுங்கையில் பெடியன்கள் வெசாக் கூடுகளுக்கு வயர் இழுத்துக்கொண்டிருந்தார்கள். தையற்கடை டிவியில் இங்கிலாந்துக் கழகங்களான லிவர்பூல் – ஆர்செனல் ஆட்டம். லிவர்பூலின் ட்ரென்ட் அலெக்சாண்டர்-ஆர்னோல்ட் மாற்று வீரராக உள்ளே வந்ததும் சொந்த மைதானத்திலேயே ரசிகர்கள் கூச்சல் போட்டார்கள். ஆறு வயதில் அந்தக் கழகத்துக்கு வந்த பிள்ளை, இருபது வருடம் அங்கேயே வளர்ந்தவர், ஒப்பந்தம் முடிகிறது, போகிறேன் என்று ஆறு நாளைக்கு முன்னர்தான் அறிவித்திருந்தார். கடையில் நின்றவர்களும் சேர்ந்து கூவினார்கள். நானும் லிவர்பூல் பக்கம்தான், எனக்கும் மனத்தாங்கல் இருந்தது. ஆனால் என் தங்கையின் மகன் மட்டும் வாய் திறக்காமல் எழுந்து வெளியே போய்விட்டான்.

அவன் இடது பக்கப் பின்வரிசை வீரன். இங்குள்ள ஒரு கழகத்துக்கு ஆறு பருவம் ஆடினான். பகலில் பழைய சோனகத் தெருவில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் வேலை, பின்னேரம் பயிற்சி. ஆட்டத்துக்கு ஆட்டம் கையில் தருகிற காசு பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்கும் சரி. பூட்ஸின் அடி கழன்றால் சப்பாத்து தைப்பவரிடம் கொடுத்து ஒட்டிப் போட்டுக்கொள்வான். ஒரு ஆட்டத்தில் முழங்கால் திரும்பி விழுந்தான். தங்கை மீன்கடையில் ஐஸ் வாங்கி, பழைய சாரத்தில் சுற்றிக் காலில் கட்டினாள். ஸ்கேனுக்குச் செட்டியார் தெருவில் சங்கிலியை அடகு வைத்தோம். கழகத்திலிருந்து ஒருவர் வந்து பார்த்தார், அவ்வளவுதான்.

எட்டு மாதத்துக்குப் பிறகு கால் சரியாகி, முப்படைகளில் ஒன்றின் உதைபந்தாட்ட அணியில் இடம் கிடைத்தது. மாதச் சம்பளம், நிரந்தர வேலை, பிறகு ஓய்வூதியம். நம் நாட்டில் பெரும்பாலான வீரர்கள் வேறு வேலை பார்த்துக்கொண்டு ஆடுகிறவர்கள். அவர்களுக்கு இதைவிடப் பெரிய அதிர்ஷ்டம் எது? ஆனால் வேறு அணிக்கு ஆடப்போகத் தேவையான விடுவிப்புக் கடிதத்தைப் பழைய கழகம் தரவில்லை. செயலாளர் வரவில்லை, தலைவர் கையெழுத்துப் போடவேண்டும், அடுத்த கிழமை வா என்று மூன்று மாதம் இழுத்தார்கள். அந்த மூன்று மாதமும் கேட்ட சொல் 'நன்றி கெட்டவன்'. "மாமா, நான் கழகத்தை வெறுத்துப் போகல்ல, என்ட காலை நினைச்சுத்தான் போறன்" என்று அவன் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

இந்தக் கடிதப் பிரச்சினையை ஐரோப்பாவில் நீதிமன்றம் வரை கொண்டுபோனவர் ஜீன்-மார்க் போஸ்மன் என்ற பெல்ஜியக்காரர். 1990இல் ஒப்பந்தம் முடிந்த பிறகும் லியேஜ் கழகம் அவரைப் பிரான்சின் டன்கேர்க் கழகத்துக்கு விடாமல் பணம் கேட்டது. தங்களோடு தொடர்ந்து ஆடுவதென்றால் கால்வாசிச் சம்பளம் என்றது. 1995 டிசம்பர் 15இல் தீர்ப்பு வந்தது: ஒப்பந்தம் முடிந்தவரிடம் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் இடமாற்றப் பணம் கேட்கக்கூடாது. அதற்குள் அவருடைய ஆட்டக்காலம் போய்விட்டது. ட்ரென்ட் போன்றவர்கள் இன்று ஒப்பந்தம் முடிகிற வேளையில் நிமிர்ந்து போகிறார்கள் என்றால் அந்த மனிதர் பட்ட பாடுதான் காரணம்.

சரி, போகாமல் இருந்தவர்களைப் பார்ப்போம். பாவ்லோ மால்தினி இத்தாலியின் ஏசி மிலானுக்கு மட்டுமே 902 ஆட்டம் ஆடியவர். 2009 மேயில் சொந்த மைதானத்தில் அவருடைய கடைசி ஆட்டம்; தீவிர ரசிகர் கூட்டம் ஒன்று பதாகை பிடித்துக் கூச்சல் போட்டு அனுப்பியது. மெஸ்ஸி பதின்மூன்று வயதில் பார்சிலோனாவுக்கு வந்தவர். 2021இல் சம்பளத்தைப் பாதியாகக் குறைக்கவும் சம்மதித்தார். கழகத்தின் கடன் நிலைமையில் அவரைப் பதிவுசெய்ய முடியவில்லை, அழுதுகொண்டே போனார். அங்கே கழகத்தை யாராவது துரோகி என்றார்களா?

எங்கள் தேசிய அணியின் தலைவராக இருந்த வாயில்காப்பாளர் சுஜான் பெரேரா மாலைதீவுக் கழகங்களுக்கு ஆடினார். அதனால் நாட்டுக்காகக் குறைவாகவா பாய்ந்தார்? தோற்கிற ஆட்டத்திலும் பந்துக்கு முன் விழுந்து எழும்பியவர் அவர். வீரனின் விசுவாசத்தை நான் அந்தத் தொண்ணூறு நிமிடத்தில்தான் பார்க்கிறேன்.

ஆசிரியர் அவர்களே, உங்கள் நிருபரை ஒரு பின்னேரம் கழகங்களுக்கு அனுப்புங்கள். வீரனோடு எழுத்தில் ஒப்பந்தம் உண்டா, காயம் பட்டால் யார் செலவு, விடுவிப்புக் கடிதம் எத்தனை நாளில் கிடைக்கும் என்று கேட்டு, கிடைக்கிற பதிலை அப்படியே அச்சிடுங்கள். மருமகன் சென்ற மாதம் பழைய கழகத்துக்கு எதிராக ஆடினான். முதல் தொடுகையிலேயே கொட்டகைப் பக்கமிருந்து 'காசுக்குப் போனவன்' என்று சத்தம். என் பக்கத்தில் இருந்த தங்கை, மீட்டெடுத்த சங்கிலியைக் கையால் பிடித்தபடி ஆட்டம் முடியும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை.

இப்படிக்கு,
கொட்டாஞ்சேனை வாசகர் ஒருவர்,
கொழும்பு 13