செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம் பக்கமிருந்து வந்திருக்கும் உறுப்பினர்களே, ஆம்புலன்ஸ் வேலைக்குப் படித்துக்கொண்டிருக்கும் தம்பி தங்கைகளே, அனைவருக்கும் வணக்கம்.

நம் முதலுதவிச் சங்கத்தின் கூட்டங்கள் வழக்கம்போல நடந்தன. ஆள் சேராமல் ஒத்திவைத்ததும் உண்டு. அன்றைக்கெல்லாம் நல்ல மீன்பாடு. யாரையும் குறை சொல்ல மனம் வரவில்லை. பயிற்சி வகுப்புகளை ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்துக்குள் முடித்துக்கொண்டோம். விசைப்படகுகள் கரையில் நிற்கும்போதுதான் நம் ஆட்கள் கைக்கு அகப்படுகிறார்கள். இதயம் நின்றவருக்குக் கொடுக்கும் நெஞ்சழுத்தம் நிமிடத்துக்கு 100 முதல் 120, முப்பது அழுத்தத்துக்கு இரண்டு மூச்சு என்பதெல்லாம் கைக்குப் பழகிவிட்டது. அதைப் பற்றி நீட்டவில்லை.

கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியது நோட்டு விஷயம்.

ஒவ்வொரு சம்பவத்துக்குப் பிறகும் போய் வந்தவர்கள் அதைத் திரும்பிப் பார்த்து எழுத வேண்டும் என்று போன பொதுக்குழுவில் தீர்மானம் போட்டோம். அவசர மருத்துவப் பணி படிப்பவர்களுக்கு இது பாடமாகவே இருக்கிறது. கிரகாம் கிப்ஸ் என்பவர் 1988இல், நம் பாம்பன் சாலைப் பாலம் திறந்த அதே ஆண்டில், இதற்கு ஆறு படி வகுத்தார். என்ன நடந்தது, மனதில் என்ன ஓடியது, எது சரி எது தப்பு, ஏன் அப்படி ஆனது, வேறென்ன செய்திருக்கலாம், அடுத்த முறை என்ன செய்வேன். இந்த ஆறையும் கட்டம் போட்டு நோட்டாக அடித்துக் கொடுத்தோம்.

நோட்டு நிறைந்தது. எடுத்துப் படித்தால், ஆறாவது கட்டத்தில் முக்கால்வாசிப் பேருக்கு ஒரே வரி: "அடுத்த முறை இன்னும் சிறப்பாகச் செயல்படுவேன்." தை அமாவாசைக் கூட்டத்தில் அக்னி தீர்த்தக் கரையில் மயங்கியவருக்கும் அதுதான், சங்கு குளிக்கப் போய் மூச்சுத் திணறி வந்தவருக்கும் அதுதான். படிக்கிற தங்கை ஒருத்தியிடம் கேட்டேன். "அண்ணே, மார்க் போடுறவுகளும் இதைத்தான பாக்குறாக. என் தப்பை நானே எழுதிக் கையெழுத்தும் போட்டுக் குடுக்கவா?" என்றாள். எனக்குப் பதில் வரவில்லை. வேறோர் இடத்தில் ஒருவர் உள்ளதை உள்ளபடி எழுத, அந்தத் தாளை வைத்தே அவரிடம் விளக்கம் கேட்ட கதை நமக்கெல்லாம் தெரியும்.

அதனால் நோட்டை மூடிவைத்துவிட்டு, வலை பொத்துகிற கொட்டகையில் உட்கார்ந்து, முதலில் என் தப்பைச் சொன்னேன்.

ஒருநாள் விடிகாலை. நாட்டுப் படகிலிருந்து தூக்கி இறக்கிய ஒருவருக்குக் கணுக்காலுக்கு மேலே திருக்கை முள் அடித்திருந்தது. மனிதர் மணலில் புரண்டு கத்துகிறார். பக்கத்தில் மீன் பெட்டி, நிறைய ஐஸ். அள்ளி வைத்தேன். தட்டிவிட்டார். மறுபடியும் வைத்தேன். கடல்பாசி எடுக்கப் போக நின்ற ஓர் அக்கா, "வெந்நி ஊத்துங்க தம்பி" என்றார். காதில் வாங்கவில்லை, சான்றிதழ் வாங்கியவன் நானல்லவா? திருக்கை விஷம் புரதம், சூட்டில் கெடும். தாங்குகிற சூடு, சுமார் 45 டிகிரி, அதற்கு மேல் போனால் தோல் வெந்துவிடும். அந்தத் தண்ணீரில் காலை அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் வைத்திருந்தால் வலி இறங்கும். இதை அதே கொட்டகையில் வகுப்பெடுத்ததும் நான்தான்.

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு ஆம்புலன்ஸ் ஓட்டும் பைலட் தம்பி ஒருவர் கேட்டார்: "அப்ப உங்க கண்ணுல என்னண்ணே பட்டுச்சு?" ஐஸ்தான் பட்டது. தெரியாமல் செய்யவில்லை, கைக்கு எட்டியதைச் செய்தேன். வெந்நீர் எட்டுகிற தூரத்தில் இல்லை. ஆறு கட்டத்தில் இதை எழுதியிருந்தால் "பாடத்தை மீண்டும் படிப்பேன்" என்று முடித்திருப்பேன். படித்தும் பயனில்லை, பிளாஸ்க்தான் வேண்டும்.

அன்றிலிருந்து அந்தக் கேள்வியில்தான் தொடங்குகிறோம். "என்ன தப்பு செய்தாய்" என்று கேட்டால் ஆள் சுருங்கிவிடுகிறார். "என்ன பார்த்தாய்" என்றால் பேச்சு தானாக வருகிறது. நமக்கு இது புதிதும் அல்ல. கரையேறியதும் நீவாடு, அதாவது கடல் நீரோட்டம், எப்படி இழுத்தது, வலை எங்கே கடலடிப் பாரில் மாட்டியது என்று பேசாத படகு உண்டா? கொட்டகையில் பேசுவது மார்க்குக்குப் போகாது. மாற்ற வேண்டியதை மட்டும், ஆள் பெயர் இல்லாமல், ஒரு வரி எழுதி வைக்கிறோம்.

ஒன்றில் மட்டும் கண்டிப்பாக இருக்கிறேன். ஆளைக் காப்பாற்ற முடியாமல் போன நாளில், போய் வந்தவர்களை உட்காரவைத்து உடனே பேசச் சொல்லக் கூடாது. அப்படி ஒரே அமர்வில் எல்லாவற்றையும் கொட்டவைப்பது வேண்டாம் என்றே உலக சுகாதார நிறுவனமும் சொல்கிறது. அன்றைக்கு டீயும் வீட்டில் கொண்டுபோய் விடுவதும் போதும். அவராக வந்து பேசும்வரை காத்திருப்போம். அரிச்சல்முனைச் சம்பவத்துக்குப் போன தம்பி இன்னும் பேசவில்லை. கேட்க வேண்டாம்.

இறங்குதுறை டீக்கடைக்காரர் எந்நேரமும் வெந்நீர் தர ஒத்துக்கொண்டிருக்கிறார். அந்தப் பாசி அக்காவை அடுத்த தடைக்கால வகுப்பில் பேச அழைத்திருக்கிறோம். வர யோசிக்கிறார், பெண் உறுப்பினர்கள் போய்ச் சொன்னால் வருவார். பிளாஸ்க்குகளும் ஒரு தெர்மாமீட்டரும் வாங்கிய ரசீது பொருளாளரிடம் இருக்கிறது. வரவு செலவை அவர் வாசிப்பார்.