சதுப்புக்காடு காய்ந்ததா? இரண்டு படம் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்தில் உள்ள ராஜா மூசா சதுப்புக்காடு பற்றிச் சென்ற ஞாயிறு இதழில் வந்த கட்டுரையை வரவேற்கிறேன். தஞ்சோங் காராங் வயல்களுக்குத் தண்ணீர் தேக்கித் தரும் காட்டுப் பரப்பில் அதுவும் ஒரு பகுதி. தமிழில் அதைப் பற்றி எழுதுவோர் குறைவு. ஆனால் பழைய செயற்கைக்கோள் படம் ஒன்றையும் புதிய படம் ஒன்றையும் பக்கத்தில் வைத்து, 'காடு காய்ந்துவிட்டது, எண்ணெய் எடுக்கும் செம்பனைதான் காரணம்' என்று முடித்தது சரியல்ல. அந்த முடிவு உண்மையாகவே இருக்கலாம். அந்த இரண்டு படங்கள் அதற்குச் சாட்சி ஆகா.

படங்களின் கீழ் ஆண்டு மட்டும்தான் இருந்தது. நம் மேற்குக் கரையில் பிப்ரவரி படமும் நவம்பர் படமும் ஒரே ஆண்டிலேயே வெவ்வேறாக இருக்கும். 1997-98, 2015-16 போன்ற, இங்கே வறட்சி தரும் எல் நினோ ஆண்டு ஒரு முனையில் வந்துவிட்டால் ஒப்பீடே கெட்டது. ஒரே மாதத்தை எடுத்துக்கொண்டு பத்துப் பதினைந்து ஆண்டுகளை வரிசையாகப் பார்க்க வேண்டும். ஒரு கட்டம் 30 மீட்டர் அகலமுள்ள லேண்ட்சாட் செயற்கைக்கோள் படங்களும் 10 மீட்டர் அகலமுள்ள சென்டினல்-2 செயற்கைக்கோள் படங்களும் இலவசம். மேகத்தை மட்டும் நீக்கினால் போதாது, அதன் நிழலையும் நீக்க வேண்டும். நிழலைக் கணினி தண்ணீர் என்றே எண்ணும்.

அடுத்தது, படத்தில் தண்ணீரைக் கண்டுபிடிக்கும் நீர்க் குறியீடு. படத்தில் பச்சை ஒளியின் அளவைச் சொல்லும் எண்ணிலிருந்து, கண்ணுக்குத் தெரியாத அண்மை அகச்சிவப்பு ஒளியின் எண்ணைக் கழித்து, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுப்பது இது. விடை கூடினால் ஈரம் கூடியது என்று எடுத்துக்கொள்வார்கள். திறந்த நீருக்கு நல்ல கருவி. பெஸ்தாரி ஜெயாவின் பழைய ஈயக்குட்டைகள் பளிச்சென்று வரும். ராஜா மூசாவிலோ தண்ணீர் மரத்தடியில் கிடக்கிறது, செயற்கைக்கோள் பார்ப்பது இலைகளை. அங்கே அலைநீளம் கூடிய எல்-பட்டை ரேடார் வேண்டும். அதன் அலை இலைகளைக் கடந்து நீரிலும் அடிமரத்திலும் பட்டுத் திரும்புவதால் வெள்ளம் நிற்கும் காடு வெளிறித் தெரியும். சென்டினல்-1 ரேடாரின் குட்டை அலை அடர்ந்த காட்டில் பெரும்பாலும் மேலிலைகளோடு நின்றுவிடும்.

பலரும் விழும் குழி இன்னொன்று. 2022 ஜனவரி 25 முதல் சென்டினல்-2 படங்களின் எண்களில் 1000 கூட்டி வெளியிடுகிறார்கள். பச்சை 400, அகச்சிவப்பு 2400 உள்ள காட்டுக்குக் குறியீடு மைனஸ் 0.71. கூட்டிய 1000-ஐக் கழிக்காவிட்டால் அது 1400, 3400 என்றாகி, குறியீடு மைனஸ் 0.42 ஆகிவிடும். மழையே பெய்யாமல் காடு ஈரமானதாக வரைபடம் சொல்லும்.

காரணம் கண்டுபிடிக்க எது முன்னே, எது பின்னே என்று பார்க்க வேண்டும். முதலில் நேர்கோடாக ஒரு கால்வாய், அடுத்த வறட்சியில் அதன் இரு பக்கமும் வாடிய பட்டை, பிறகு தீ, அப்புறம் வரிசை நடவு: இப்படி வந்தால் வடிகால்மீது குற்றம் சொல்லலாம். மூன்று மீட்டர் கால்வாய் 10 மீட்டர் கட்டத்தில் சரியாகத் தெரியாது, வாடிய பட்டைதான் காட்டிக்கொடுக்கும். கால்வாயே இல்லாத உட்காட்டையும் அதே தேதிகளில் பார்க்க வேண்டும். அதுவும் சேர்ந்து வாடியிருந்தால் பெரும்பாலும் வறட்சி. ராஜா மூசாவில் மரம் இழுக்க வெட்டிய பழைய கால்வாய்களும் உண்டு என்பதால் எல்லாப் பழியையும் செம்பனையின் தலையில் போடுவது நியாயமில்லை.

25 ஆண்டு முடிந்த செம்பனையைச் சாய்த்து மறுநடவு செய்யும்போது வெறும் மண் தெரியும். அதையும் கணினி 'அழிந்த சதுப்பு' என்று சேர்த்துவிடும். எந்த பிளாக்கில் எந்த ஆண்டு மறுநடவு நடந்தது என்பது தோட்டத்துப் பழைய கிராணிமாருக்கும் (எழுத்தர்கள்) மண்டோர்களுக்கும் (மேற்பார்வையாளர்கள்) தெரியும், கேட்டு எழுதலாம். களத்தில் சரிபார்க்கப் போகிறவர்கள் காட்டு ஓரத்தில் நின்று ஜிபிஎஸ் புள்ளி எடுக்கக் கூடாது. மரத்தடியில் கைப்பேசி பல மீட்டர் தள்ளிக் காட்டும். சுற்றிலும் 30 மீட்டருக்கு ஒரே மாதிரி நிலம் உள்ள இடத்தின் நடுவில் நிற்க வேண்டும்.

இனி இப்படிப் படம் வெளியிடும்போது எடுத்த நாள், செயற்கைக்கோளின் பெயர், அதற்கு முந்தைய மூன்று மாத மழையளவு ஆகியவற்றைப் படத்தின் கீழே அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

வாசகர்,
பெஸ்தாரி ஜெயா, சிலாங்கூர்.