கத்தரித்த அட்டையில் பேர் இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

சிறுநீரக தினத்துக்கு நீங்கள் போட்ட கட்டுரையில் சர்க்கரை, ரத்த அழுத்தம், கல் எல்லாம் இருந்தது. எச்.ஐ.வி. உள்ளவர்களைப் பற்றி ஒரு வரி இல்லை. அதை நான் எழுதுகிறேன்.

முக்கூடல் பக்கம் பீடி சுற்றுகிறேன். 11 வருடமாக எச்.ஐ.வி.க்குக் கூட்டு மருந்து, ராத்திரிக்கு ஒரு மாத்திரை. பாளையங்கோட்டைக்கு பஸ் ஏறிப் போய் வாங்கி வருவேன். அதில் ஒரு நாளும் தவறியதில்லை.

தவறு நடந்தது வேறு இடத்தில். காலையிலிருந்து மடியில் முறத்தோடு குனிந்தே இருந்தால் சாயங்காலம் இடுப்பு நிமிராது. மருந்துக் கடையில் ‘இடுப்பு வலிக்கு’ என்றால் போதும், அட்டையில் நாலு மாத்திரையைக் கத்தரித்துத் தருவார்கள். கத்தரிக்கிறதில் பேரும் போய்விடும். என் வியாதியை அந்தக் கடையில் சொல்ல முடியுமா? எங்கள் தெருவே அங்கேதான் மருந்து வாங்குகிறது. இப்படியே இரண்டு வருடம்.

போன வருடம் ரத்தம் பார்த்தபோது, சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியேட்டினின் 1.9. அதற்கு முன் 0.8. எங்கள் ஊர்ப் பேச்சில், உப்பு கூடிவிட்டது. “வலி மாத்திரை போடுவீர்களா?” என்று டாக்டரம்மா கேட்டார். பர்சைக் கவிழ்த்தேன். ஒரு துண்டில் மட்டும் பாதிப் பேர் இருந்தது: டைக்ளோஃபினாக்.

கூட்டு மருந்தில் உள்ள டெனோஃபோவிர் சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேறுமாம். சிலருக்கு அங்குள்ள நுண்குழாய்களைக் கெடுக்குமாம். வலி மாத்திரை சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தத்தையும் குறைத்துவிடும். இரண்டும் சேர்ந்தால் கேட்கவா வேண்டும்! கூடவே இருக்கிற டோலுடெகிராவிர், கெடுதல் செய்யாமலேயே கிரியேட்டினினைக் கொஞ்சம் கூட்டிக் காட்டுமாம். அதனால் அந்த எண்ணை மட்டும் நம்பாமல் சிறுநீரில் புரதம் போகிறதா என்றும் பார்த்தார். போனது. டெனோஃபோவிரை நிறுத்தி அபாகாவிர் உள்ள மருந்துக்கு மாற்றினார். இப்போது கிரியேட்டினின் 1.2.

2017-ஆம் வருடத்து எச்.ஐ.வி. சட்டப்படி என் சம்மதம் இல்லாமல் யாரும் என் நிலையை வெளியே சொல்லக்கூடாது. நல்ல சட்டம்தான். ஆனால் கடையில் வாய் திறக்க வேண்டியவள் நானாயிற்றே. வலி மாத்திரை கேட்டு யார் வந்தாலும், ‘தினமும் ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறீர்களா, கிட்னியில் தொந்தரவு உண்டா?’ என்று கடைக்காரர்கள் கேட்கலாம். என்ன வியாதி என்று கேட்க வேண்டாம். கொடுக்கிற துண்டில் பேர் இருக்கும்படி கத்தரித்தால் இன்னும் புண்ணியம்.

நான் இப்போது, ‘எனக்கு உப்பு கூடுதல், வலி மாத்திரை ஆகாது’ என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பொய்யும் இல்லை. போன வாரம் இடுப்புக்குத் தைலம் எடுத்துக் கொடுத்தார்கள்.

பெயர் வெளியிட விரும்பாத வாசகி,
திருநெல்வேலி மாவட்டம்