லேப்டாப் வாங்குமுன் மாடல் எண்ணை அனுப்பு

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். சின்னதாக, விலை குறைவாக எந்த லேப்டாப் வாங்கலாம் என்று ஒரே வரியில் கேட்டிருந்தாய். இப்போதெல்லாம் உன்னிடமிருந்து வருவதே ஒற்றை வரிதான். கேட்டாயே, அதுவே சந்தோஷம்.

மெயில், விண்ணப்பம், பேங்க் வேலை, வீடியோவில் பேசுவது, இவ்வளவுதானே உனக்கு வேண்டும்? இதற்கு விலை உயர்ந்தது அவசியமே இல்லை. ஆனால் விலையைக் குறைக்க எதில் கை வைத்திருக்கிறார்கள் என்று பார்த்து வாங்கு.

முதலில் ரேம், அதாவது திறந்திருக்கும் வேலைகளை வைத்துக்கொள்ளும் நினைவகம். 8 ஜிபி இருக்க வேண்டும். விண்டோஸ் 11-க்கு மைக்ரோசாஃப்ட் சொல்லும் குறைந்தபட்ச அளவு 4 ஜிபிதான், அதைக் காட்டியே விற்பார்கள். பிரவுசரில் ஏழெட்டு டேப் திறந்து, கூடவே வீடியோ காலும் ஓடினால் அது நிரம்பிவிடும். நிரம்பினால் மிச்சத்தை ஸ்டோரேஜில் எழுதுவதும் படிப்பதுமாகக் கிடக்கும். படம் உறைந்து, குரல் விட்டு விட்டுக் கேட்கும். சின்ன லேப்டாப் பலவற்றில் ரேமை மதர்போர்டு என்ற முக்கியப் பலகையிலேயே சால்டர் செய்து (பற்றவைத்து) விடுகிறார்கள். அப்புறம் கூட்டிக்கொள்ளலாம் என்று நினைக்காதே.

ஸ்டோரேஜிலும் இதே கதைதான். 64 ஜிபி ஈஎம்எம்சி (மலிவான, வேகம் குறைந்த ஸ்டோரேஜ் சிப்) என்று போட்டிருந்தால் தொடவே தொடாதே. விண்டோஸும் அதன் அப்டேட்டுகளும் பெரும்பகுதியை எடுத்துக்கொள்ளும்; பெரிய அப்டேட் வரும்போது இடமில்லை என்று நின்றுவிடும். அதுவும் சால்டர் செய்ததுதான், கழற்றி மாற்ற முடியாது. 256 ஜிபி எஸ்எஸ்டி (வேகமான ஸ்டோரேஜ்), எம்.2 ஸ்லாட் என்ற இடத்தில் செருகியதாக இருந்தால் நாளைக்குப் பெரியதாக மாற்றிக்கொள்ளலாம். கிளவுட் இடத்தையும் சேர்த்துக் கூட்டி அட்டையில் பெரிய எண்ணாக எழுதியிருப்பார்கள், அதைக் கணக்கில் எடுக்காதே.

ப்ராசஸரில் இன்டெல் என்100 உனக்குப் போதும். 2023-இல் வந்தது, 4 கோர் (கணக்குப் போடும் பகுதி), 6 வாட். சூடு குறைவு என்பதால் ஃபேன் இல்லாமலேகூட வரும். செலரான் என்4020 என்று இருந்தால் வேண்டாம். அது 2019-ஆம் வருஷத்துச் சரக்கு, 2 கோர்தான்.

கேமரா. மலிவானதில் 720பி-தான் பெரும்பாலும் இருக்கும், 1080பி கிடைத்தால் அதையே எடு. கிடைக்காவிட்டாலும் வெளிச்சம் முகத்தில் விழும்படி உட்கார்ந்தால் போதும், ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்காராதே. போன் கேமரா சரியில்லை என்று ரொம்ப நாளாகச் சொல்கிறாய். அப்பா ஒன்றும் கேட்பதில்லை. நானும் கேட்கவில்லை. இளைத்திருந்தாலும் தாடி வளர்ந்திருந்தாலும் எங்களுக்கு ஒன்றுமில்லை கண்ணா.

திரை 14 அங்குலம், 1920 x 1080, ஐபிஎஸ் (பக்கவாட்டில் பார்த்தாலும் நிறம் மாறாத வகை). 11.6 அங்குலத்தில் 1366 x 768 என்றால் ஒரு படிவத்தைக்கூட முழுதாகப் பார்க்க முடியாது, மேலும் கீழும் நகர்த்திக்கொண்டே இருக்க வேண்டும். பேட்டரியை வாட்-ஹவரில் (அதில் நிற்கும் மின்சாரத்தின் அளவு) பார். 40 வாட்-ஹவர் இருந்து, மெஷின் சராசரியாக 7 வாட் எடுத்தால் ஐந்தரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே வரும். யூஎஸ்பி-சி போர்ட் இருந்தாலே அதில் சார்ஜ் ஆகும் என்று இல்லை, சிலவற்றில் டேட்டா மட்டும்தான் போகும். கேட்டுத் தெரிந்துகொள்.

பத்தாவது படிக்கும்போதே பழைய கம்ப்யூட்டரைப் பிரித்துப் பூட்டி ஓடவைத்தவன் நீ. அப்பா அதை இன்றைக்கும் வருகிறவர்களிடம் எல்லாம் சொல்கிறார். இருந்தும் அவசரம் வந்துவிட்டால் கண்ணில் முதலில் படுவதை வாங்கிவிடுவாய், மாமாவின் பைக்கைப் போல. யாரிடமும் ஒரு வார்த்தை கேட்பதில்லை.

கையில் பணம் குறைவு என்றால் (அப்படி இருந்தாலும் சொல்லமாட்டாய்) பழையதே வாங்கு. அலுவலகங்களில் ஓடி வெளியே வரும் திங்க்பேட், லேட்டிட்யூட், எலைட்புக் மாடல்கள் எல்லாம் அதே விலைக்குப் புதிதாகக் கிடைப்பதைவிடக் கெட்டி. கீபோர்டும் கீலும் நன்றாக இருக்கும், உதிரி பாகமும் கிடைக்கும். இன்டெல் 8-ஆம் தலைமுறைக்குக் கீழே மட்டும் போகாதே. அவற்றை விண்டோஸ் 11 ஏற்பதில்லை. விண்டோஸ் 10-க்கு ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. பணம் கொடுக்குமுன் ஆன் செய்து பயாஸுக்குள் (விண்டோஸுக்கு முன்னால் ஓடும் அமைப்புப் பக்கம்) போய்ப் பார். பாஸ்வேர்ட் கேட்டால் அது பழைய கம்பெனி போட்ட பூட்டு, அப்படியே வைத்துவிட்டு வந்துவிடு. விண்டோஸில் பேட்டரி ரிப்போர்ட் எடுத்து, பேட்டரியைச் செய்தபோது இருந்த கொள்ளளவையும் இப்போது முழு சார்ஜில் நிற்கும் அளவையும் ஒப்பிடு. பாதிக்குப் பக்கம் வந்துவிட்டால் புது பேட்டரி விலையைக் கழித்துக்கொண்டு பேசு. எல்லா எழுத்தையும் ஒருமுறை தட்டிப் பார். கேமராவையும் போட்டுப் பார்.

8 ஜிபி. மறக்காதே. ஒரே பெயரில் 4 ஜிபியும் 8 ஜிபியும் விற்கிறார்கள், மாடல் எண்ணின் கடைசி எழுத்துகளில்தான் வித்தியாசம் இருக்கும். அதனால் வாங்குமுன் அடியில் ஒட்டியிருக்கும் எண்ணை ஒரு எழுத்து விடாமல் எனக்கு அனுப்பு. இல்லை, கூப்பிட்டே சொல், ராத்திரி எத்தனை மணியானாலும் சரி. பணம் குறைந்தால் அதையும் சொல், அப்பாவிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

அம்மா