குவெல்ஃப் விருந்தோம்பல் பள்ளியின் கதையைச் சொல்ல உதவியவர்களுக்கு நன்றி

அன்புக்குரியவர்களுக்கு வணக்கம்.

சென்ற மாதம் எங்கள் முதியோர் ஒன்றுகூடலில், கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்திலுள்ள குவெல்ஃப் பல்கலைக்கழகத்தின் விருந்தோம்பல், உணவு, சுற்றுலா முகாமைத்துவப் பள்ளி பிறந்த கதையைத் தமிழில் சொல்லும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. அரை மணி நேரப் பேச்சுத்தான். ஆனால் அதற்குப் பின்னால் பலருடைய உழைப்பு இருந்தது. பெயரைப் போட வேண்டாம் என்று அவர்கள் கேட்டுக்கொண்டதால் பெயர் சொல்லாமலே நன்றி சொல்கிறேன்.

முதலில் என் மகளுக்கு. இந்த நாட்டுக்கு வந்த புதிதில் ஆறு ஆண்டுகள் ஒரு ஹோட்டலில் கோப்பை கழுவினேன். பிறகு அடுப்படியிலேயே காலம் போனது. அவள் இந்தப் பள்ளியில் சேர்ந்தபோது, "சாப்பாட்டுக்கும் ஒரு பட்டப் படிப்பா?" என்று உறவினர்கள் கேட்டார்கள். அன்று என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அந்தப் பதிலைத் தேடிப் போனதில்தான் இந்தப் பேச்சு உருவானது.

பள்ளி தொடங்கியது 1969 இல். நானும் அங்கிருந்துதான் எழுத ஆரம்பித்தேன். என் முதல் பிரதியைப் படித்த ஓய்வுபெற்ற ஆசிரியை அக்கா, "தம்பி, இன்னும் எண்பது வருடம் பின்னுக்குப் போ" என்றார். ஆங்கில ஆவணங்களைப் பக்கம் பக்கமாகப் படித்து எனக்கு விளங்கப்படுத்தியவரும் அவரே. அக்கா, அந்த ஒரு சொல்லுக்கே நான் கடமைப்பட்டிருக்கிறேன்.

ஏனென்றால் கதை 1889 இல், ஹமில்ற்றன் நகரில், ஒரு வீட்டில் தொடங்குகிறது. அடிலெய்ட் ஹூட்லெஸ் என்ற தாய் தன் கைக்குழந்தையைப் பறிகொடுத்தார். அசுத்தமான பால்தான் காரணம் என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. அதன் பின் அந்த அம்மா வீட்டுக்குள் முடங்கவில்லை. உணவைச் சுத்தமாகக் கையாள்வதைப் பெண்பிள்ளைகளுக்குப் பாடமாகவே கற்பிக்க வேண்டும் என்று ஊர் ஊராகப் போய்ப் பேசினார். 1897 பெப்ரவரி 19 அன்று ஸ்ரோனி கிறீக்கில் நூறு பெண்களுக்கு மேல் கூடி முதலாவது 'மாதர் நிறுவகம்' என்ற பெண்கள் சங்கத்தைத் தொடங்கினார்கள். அதன் அமைப்பு விதிகள் எழுதப்பட்ட இடம் ஒரு வீட்டின் சாப்பாட்டு மேசை. எனக்கு மிகவும் பிடித்த செய்தி இது.

அந்தப் பாடத்தைக் கற்பிக்க ஒரு கல்விக்கூடம் கட்டப் பணம் வேண்டும். மொன்றியலின் புகையிலைச் செல்வந்தர் சேர் வில்லியம் மக்டொனால்டிடம் ஹூட்லெஸ் பேசினார். அவருடைய கொடையில் 1903 இல் குவெல்ஃபில் மக்டொனால்ட் நிறுவகம் உருவானது. மேரி யூறி வாட்சன் அதை முன்னின்று நடத்தினார். சமையலும் தையலும் மட்டுமல்ல, பெரிய நிறுவனங்களின் பராமரிப்பைப் பொறுப்பேற்கப் பெண்களைத் தயார்படுத்தும் வகுப்பும் அங்கே நடந்தது. ஹோட்டல் முகாமைத்துவத்தின் விதை அதில் இருந்தது என்பது என் எண்ணம். 1964 இல் விவசாயக் கல்லூரியும் கால்நடை மருத்துவக் கல்லூரியும் இந்த நிறுவகமும் ஒன்றாகிக் குவெல்ஃப் பல்கலைக்கழகம் ஆயின. ஐந்து ஆண்டுகள் கழித்து, 'ஹோட்டல், உணவு நிர்வாகப் பள்ளி' என்ற பெயரில் நம் பள்ளி பிறந்தது.

அந்தப் பெயரின் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து 'ஹாஃபா' என்று மாணவர்கள் அழைத்ததை எனக்குச் சொன்னவர், எழுபதுகளில் அங்கே படித்த பெரியவர் ஒருவர். ஐயா, உங்கள் வீட்டுக் குசினியில் நீங்கள் காட்டிய அந்தப் பழைய வெப்பமானி இன்னும் என் கண்ணில் நிற்கிறது. கண்ணாடி மங்கியிருந்தது, முள் மட்டும் சரியாக வேலை செய்தது. "சூடான சாப்பாடு 60 பாகை செல்சியஸுக்குக் கீழே இறங்கக்கூடாது, குளிரானது 4 பாகைக்கு மேலே ஏறக்கூடாது. மற்றதெல்லாம் பிறகு" என்றீர்கள். இத்தனை காலம் சட்டம் என்பதற்காக மட்டுமே நான் கடைப்பிடித்த இரண்டு எண்கள் அவை. அவற்றுக்குப் பின்னால் அந்தப் பால் குவளை இருப்பது அன்றுதான் உறைத்தது. பாலைக் கிருமி சாகச் சூடாக்கிப் பதப்படுத்தியே விற்க வேண்டும் என்று ஒன்ராறியோ சட்டம் கொண்டுவந்தது 1938 இல். ஹூட்லெஸ் அதைக் காணவில்லை. 1910 பெப்ரவரியில், ரொறன்ரோவில் பேசிக்கொண்டிருந்தபோதே சரிந்து விழுந்து இறந்துபோனார்.

குவெல்ஃப் பல்கலைக்கழகத்தின் மக்லாக்லின் நூலகத்தில் ஆவணப் பகுதியில் பணியாற்றுபவர்களுக்கும் நன்றி. ஊனா ஏப்ரஹாம்சன், எட்னா ஸ்டேப்ளர் போன்றோர் சேர்த்த சமையல் நூல்கள் அங்கே ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. ஒரு பழைய புத்தகத்தை மெத்தை போன்ற தாங்கியில் வைத்து விரித்துத் தந்தார்கள். கேக் செய்முறை இருந்த பக்கத்தில் ஒரு வெண்ணெய்க் கறை. ஓரத்தில் பென்சிலால், சீனியைக் குறைக்கும்படி யாரோ எழுதியிருந்தார். அந்தக் கையெழுத்துக்குரிய பெண் எந்த வகுப்பறையையும் பார்க்காதவராக இருக்கலாம். ஆனாலும் அவருக்கும் இந்த வரலாற்றில் இடம் உண்டு.

பள்ளியின் பெயரிலிருந்து 'உணவு' என்ற சொல் இடையில் விடுபட்டதையும் பின்னர் திரும்பி வந்ததையும் என் மகள்தான் கண்டுபிடித்தாள். இன்று பள்ளி வணிகக் கல்விப் பிரிவுக்குள் இருக்கிறது. கணக்கும் சந்தையும் தெரியாமல் உணவகம் நடத்த முடியாது என்பதை நான் ஏற்கிறேன். ஆனால் அந்தச் சொல் இனியொரு முறை போய்விடக்கூடாது. இதை மேடையிலும் சொன்னேன், இங்கேயும் சொல்கிறேன்.

பனி கொட்டிய நாள்களிலும் ஸ்காபரோவிலிருந்து குவெல்ஃபுக்கு என்னை மூன்று முறை காரில் கூட்டிச்சென்ற தம்பிக்கும், தட்டச்சுச் செய்து தந்த பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கும், அன்று எல்லோருக்கும் தேநீரும் வடையும் தந்த சகோதரிகளுக்கும் மனமார்ந்த நன்றி.

கடைசியாக, முன்வரிசையில் இருந்த அம்மாவுக்கு. பேச்சு முடிந்ததும் நீங்கள் எழுந்து ஒரே ஒரு கேள்வி கேட்டீர்கள். "அந்தத் தாயின் பெயரைச் சொன்னாய், காசு கொடுத்தவரின் பெயரைச் சொன்னாய். பிள்ளையின் பெயர் என்ன?" பதினான்கு பக்கப் பேச்சில் அதை நான் எழுதியிருக்கவில்லை. இப்போது முதல் பக்கத்திலேயே சேர்த்துவிட்டேன், அம்மா. பிள்ளையின் பெயர் ஜோன் ஹரோல்ட்.