பின்பக்க மாடிப்படி கேட்டுக்கு எதுக்கு சார் பூட்டு?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

எங்க பக்கத்துல ஒரு காலேஜுக்கு வெடிகுண்டு மிரட்டல் ஈமெயில் வந்து பசங்களை எல்லாம் வெளிய அனுப்புன செய்தி உங்க பேப்பர்லயும் வந்துச்சு, புரளின்னு தெரிஞ்சதும் ரெண்டு பத்தியில முடிச்சிட்டீங்க. அதை தப்புன்னு சொல்லல, இப்பல்லாம் ஸ்கூலு, காலேஜு, கோர்ட்டு, ஏர்போர்ட்டுன்னு எதையும் விட்டு வைக்காம மெயில் அனுப்புறானுங்க, 2024 பிப்ரவரியில சென்னையில ஒரே நாள்ல ஏகப்பட்ட ஸ்கூலுக்கு வந்து பெத்தவங்க எல்லாம் அலறி அடிச்சு ஓடுனதுக்கு அப்புறம் மக்களுக்கும் இது பழகிப் போச்சு. ஆனா குண்டு இல்லைங்கறதோட விஷயம் முடிஞ்சு போகல. அந்த பில்டிங்ல இருந்து பிள்ளைங்க எப்படி வெளிய வந்தாங்கன்னு யாருமே கேக்கல, அதுக்குத்தான் இந்த லெட்டர்.

என் தங்கச்சி மக அங்கதான் படிக்கிறா, மூணாவது மாடியில கிளாஸ். பயமுறுத்தக் கூடாதுன்னு நெனச்சோ என்னவோ "எல்லாரும் கிரவுண்டுக்கு வாங்க, ஒரு மீட்டிங்"னு மட்டும் மைக்ல சொல்லிருக்காங்க. மீட்டிங்னா எந்தப் பிள்ளை அவசரமா வரும், பாதிப் பேரு பேக்கை எடுத்துக்கிட்டு, தண்ணி பாட்டிலைத் தேடி, சிலது அப்படியே கேன்டீன் பக்கம் ஒதுங்கிருச்சு. அதுக்குள்ள விஷயம் வாட்ஸ்அப்புல வந்துருச்சு, அப்புறம் மொத்த மாடியும் ஒரே நேரத்துல முன்பக்க படியில இறங்குது. அந்த பில்டிங்ல பின்னாடியும் ஒரு மாடிப்படி இருக்கு, நல்ல அகலமான படி, ஆனா கீழ மடக்கு கேட்டு போட்டு பூட்டு. இவ என்கிட்ட சொன்னது, "மாமா, சாவி ஆபீஸ்ல இருக்காம், ஆபீஸ்காரங்க எங்களுக்கு முன்னாடியே வெளிய போய் நிக்கிறாங்க". கேக்கும்போது சிரிப்பு வந்துச்சு, ராத்திரி படுத்து யோசிச்சா சிரிப்பு வரல.

ஏன் பூட்டுறாங்கன்னு எல்லாருக்கும் தெரியும். பையனும் பொண்ணும் அந்தப் படியில உக்காந்து பேசக் கூடாது, கிளாஸ் கட் அடிச்சிட்டு அந்த வழியா நழுவக் கூடாது, அவ்வளவுதான். நம்ம ஊர்ல சில இன்ஜினியரிங் காலேஜ்ல ஆம்பளப் பசங்களுக்கு ஒரு படி, பொம்பளப் பிள்ளைகளுக்கு ஒரு படின்னு பிரிச்சு வச்சு, மாத்தி ஏறினா ஃபைன் போடற கூத்தெல்லாம் நடக்குது. மூணு வருஷம் அந்தப் படியில கால வைக்காதேன்னு அதட்டிட்டு நெருப்புப் புடிச்ச அன்னைக்கு மட்டும் அந்தப் பக்கம் ஓடுன்னா அந்தப் பிள்ளைக்கு எப்படிங்க கால் போகும்? ஒழுக்கத்துக்காக போட்ட பூட்டுன்னு நெருப்புக்குத் தெரியுமா?

நான் கெமிஸ்ட்ரி லேப்ல அசிஸ்டென்டா வேலை பார்த்து ரிட்டையர் ஆனவன். சால்ட் அனாலிசிஸ் நடக்கற லேப்ல ஹைட்ரஜன் சல்பைடு இருக்கும், அழுகுன முட்டை நாத்தம் அடிக்கும், எல்லாருக்கும் தெரியும். தெரியாதது என்னன்னா அந்த கேஸ் அளவு கூடிப் போச்சுன்னா மூக்கு மரத்துப் போய் நாத்தமே தெரியாது, பையன் சரியாயிருச்சுன்னு நெனச்சு அங்கேயே நிப்பான். அதனால எங்க ஹெச்.ஓ.டி. ஒருத்தர், ரொம்ப கறாரான மனுஷன், ஃபர்ஸ்ட் இயர் பசங்க வந்த முதல் வாரமே பிப்பெட் புடிக்க சொல்லிக் குடுக்கறதுக்கு முன்னாடி வெளிய ஓட சொல்லிக் குடுப்பாரு. கேஸ் வால்வை மூடு, பர்னரை அணை, பேக்கைத் தொடாதே, பக்கத்து டேபிள்காரனைக் கூப்பிடு, பின் கதவு வழியா போ, வேப்ப மரத்தடியில வரிசையா நில்லு. அங்க ரெக்கார்டு நோட்டை வச்சு பேரு கூப்பிடுவாரு. பின் கதவுக்கு முன்னாடி ஒரு ஸ்டூலு கிடந்தாக்கூட அன்னைக்கு எனக்கு அர்ச்சனைதான். ஒரு தடவ புரோமின் பாட்டில் கீழ விழுந்து உடைஞ்சுச்சு, செவப்பா புகை தரையோட தரையா பரவுது, பசங்க ஒருத்தன் விடாம வெளிய போயிட்டானுங்க, நான் வால்வை மூடிட்டு போறதுக்குள்ள பேரு கூப்பிட ஆரம்பிச்சிட்டாரு. பிரமாதமான ஏற்பாடெல்லாம் ஒண்ணும் இல்ல, ரெண்டு கதவும் தொறந்திருந்துச்சு அவ்வளவுதான்.

கும்பகோணத்தை மறக்க முடியுமா, 2004 ஜூலை 16, 94 குழந்தைங்க. கீத்துக் கொட்டகை, பக்கத்துல சத்துணவு சமையல், இறங்கறதுக்கு குறுகலான ஒரு படி. டெல்லி உப்ஹார் தியேட்டர்ல 1997 ஜூன் 13, 59 பேரு, அங்க பால்கனியில இருந்து வெளிய போற ஒரு வழியை எக்ஸ்ட்ரா சீட்டு போட்டு அடைச்சிருந்தாங்க. சூரத்ல 2019 மே 24, கோச்சிங் கிளாஸ் நடந்த மேல் மாடி, 22 பேரு, மரப்படி எரிஞ்சு போனதும் பசங்க ஜன்னல் வழியா குதிச்சதை நாமெல்லாம் டிவியில பார்த்தோம். டெல்லி முகர்ஜி நகர்ல 2023 ஜூன்ல மீட்டர் போர்டுல தீப்புடிச்சு புகை மேல ஏற ஏற, பரீட்சைக்குப் படிக்க வந்த பிள்ளைங்க கயித்தைப் புடிச்சு தொங்கி இறங்குனாங்க, அவங்க உயிர் தப்புனது பெரிய விஷயம். நெருப்புல செத்தவங்கன்னு பேப்பர்ல வருமே தவிர நெறைய பேரு சாகறது புகையிலதான், கீழ தீப்புடிச்சா மாடிப்படிக் கூண்டே புகைபோக்கி மாதிரி ஆகிப்போகும், ஒரு படி அப்படி ஆச்சுன்னா இன்னொண்ணு வேணும்ங்கறதுக்குத்தான் ரெண்டாவது படி. அதைக் கட்டுறதுக்கு லட்சக்கணக்குல செலவு பண்ணிட்டு அம்பது ரூபா பூட்டைப் போட்டு அடைச்சு வச்சா எப்படி?

சட்டத்துல இல்லாமலும் இல்ல. நேஷனல் பில்டிங் கோடுல தெளிவா எழுதிருக்கு, வெளியேறும் கதவை உள்ள இருக்கறவங்க சாவி இல்லாமலே தொறக்க முடியணும்னு. கும்பகோணத்துக்கு அப்புறம் நடந்த கேஸ்ல 2009 ஏப்ரல்ல சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பு குடுத்துச்சு, பாதுகாப்பான கட்டடம் குழந்தைங்களோட உரிமைன்னு சொல்லி, தீயணைப்புக் கருவி வைக்கணும், டீச்சர்களுக்குப் பயிற்சி குடுக்கணும்னு உத்தரவும் போட்டுச்சு. அது ஸ்கூலுக்குத்தானே சொன்னாங்கன்னு காலேஜ்காரங்க சொல்லுவாங்க, பதினெட்டு வயசு ஆனதும் பிள்ளைக்கு நுரையீரல் மாறிப் போயிருதா?

மாக் டிரில் நடத்தறோம்னு சொல்றாங்க. ஏப்ரல் 14 தீயணைப்புத் தொண்டு நாள், 1944ல பம்பாய் துறைமுகத்துல கப்பல் வெடிச்சு 66 தீயணைப்பு வீரர்கள் செத்துப் போனதுக்காக வர்ற நாள். அன்னைக்கு தமிழ் வருஷப் பிறப்பு லீவு, அதனால அந்த வாரத்துலயே வேற ஒரு நாள் ஃபயர் சர்வீஸ் வண்டி வரும், பேனர் கட்டுவாங்க, சீஃப் கெஸ்டுக்கு சால்வை, தகரத்துல டீசல் ஊத்தி கொளுத்தி அணைச்சுக் காட்டுவாங்க, என்.எஸ்.எஸ். பசங்க கை தட்டுவாங்க, போட்டோ காலேஜுக்கு கிரேடு போடற நாக் (NAAC) கமிட்டிக்கான ஃபைலுக்குப் போயிரும். தீயணைப்பு வீரர்களைக் குறை சொல்லல, அவங்க கூப்பிட்ட இடத்துக்கு வர்றாங்க. ஆனா அன்னைக்கும் மொத்த பிள்ளைங்களையும் மாடியில இருந்து ரெண்டு படி வழியாவும் இறக்கிப் பார்த்து எத்தன நிமிஷம் ஆகுதுன்னு எழுதி வைக்கற காலேஜ் எத்தன இருக்குன்னு உங்க நிருபர்களை விட்டு விசாரிங்க சார்.

அந்த மிரட்டல் அன்னைக்கு இன்னும் ரெண்டு விஷயம் நடந்துச்சு. இறங்கி வந்த பிள்ளைங்களை பில்டிங்கை ஒட்டி டூவீலர் ஸ்டாண்டுலதான் நிக்க வச்சிருக்காங்க, தலைக்கு மேல முன்பக்கம் முழுசும் கண்ணாடி, கீழ வரிசையா பெட்ரோல் டேங்க், குண்டு நிஜமா இருந்திருந்தா உள்ள இருந்தவனே தேவலாம்னு ஆகியிருக்கும். ரெண்டாவது, வீல்சேர்ல வர்ற ஒரு பிள்ளைக்கு கிளாஸ் ரெண்டாவது மாடியில, லிஃப்ட்ல போகாதேன்னு சொல்லிட்டாங்க, அது சரிதான், அப்ப யாரு தூக்கறதுன்னு யாரும் முன்னாடியே பேசி வைக்கல. கூடப் படிக்கற பசங்க நாலு பேரு நெரிசல்ல சேரோட தூக்கிட்டு இறங்கிருக்கானுங்க, அவனுங்களுக்கு ஒரு சல்யூட். ஆனா 2016ல வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்துல ஆபத்து நேரத்துல சமமான பாதுகாப்பு குடுக்கணும்னு இருக்கறது அந்த நாலு பசங்களை நம்பி எழுதுனது இல்லையே. அந்த ஒரு கிளாஸை தரைத்தளத்துக்கு மாத்தினா போதும், செலவே கிடையாது.

நிர்வாகத்தோட கவலையும் எனக்குப் புரியாம இல்ல. படியில பசங்க உக்காருவாங்கன்னு பயமா இருந்தா பேனிக் பார்னு ஒண்ணு இருக்கு, கதவுக்குக் குறுக்க ஒரு தண்டு, உள்ள இருந்து அமுக்குனா தொறக்கும், வெளிய இருந்து தொறக்காது, அமுக்குனா மணி அடிக்கற மாதிரியும் வச்சுக்கலாம். யாரு தொறந்தாலும் வாட்ச்மேனுக்குத் தெரிஞ்சிரும், பெரிய மால், தியேட்டர் எல்லாத்துலயும் இருக்கு. 1903ல சிகாகோவுல ஒரு தியேட்டர் எரிஞ்சு, கதவு தொறக்க வராம 600 பேருக்கு மேல செத்ததுக்கு அப்புறம்தான் இது பரவலா வந்துச்சு. நூறு வருஷத்துக்கு மேல ஆச்சு, நாம இன்னும் சாவியைத் தேடிக்கிட்டு இருக்கோம்.

தீயணைப்புத் துறைக்கு ஒரு வேண்டுகோள், சர்டிபிகேட் புதுப்பிக்க போறப்ப முன்கூட்டி தகவல் சொல்லாம, காலேஜ் நடக்கற நாள்ல பதினோரு மணிக்குப் போங்க, தீயணைப்பு சிலிண்டரை எண்ணறதுக்கு முன்னாடி பின்பக்க கேட்டைத் தள்ளிப் பாருங்க. அட்மிஷனுக்கு கூட்டிட்டுப் போற பெத்தவங்களும் பிளேஸ்மென்ட் போர்டைப் பார்த்த கையோட அந்தப் படிக்கட்டுப் பக்கமும் ஒரு நடை போய்ட்டு வாங்க, பூட்டிருந்தா ஃபீஸ் கட்டறதுக்கு முன்னாடியே பிரின்சிபால்கிட்ட கேளுங்க, ஃபீஸ் கட்டுனதுக்கு அப்புறம் நம்ம பேச்சை எவன் கேப்பான்.

இப்படிக்கு,
ரிட்டையர்டு லேப் அசிஸ்டென்ட்,
மதுரை.
(தங்கச்சி மக அங்க இன்னும் படிச்சு முடிக்கல, பேரு போட வேண்டாம்.)